பால்மரம் (ரப்பர்) வெட்டிய அம்மாவுக்கு இடுப்பு மூட்டு தேய்மானம்: ஆபரேஷன் இல்லாமல் சமாளிக்க முடியுமா?

அம்மாவுக்காக இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பல பேருக்கு முடியும். தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளராது, ஆனால் வலியைக் குறைத்து நடமாட்டத்தைக் காப்பாற்றலாம்.

முதல் சிகிச்சை உடற்பயிற்சிதான். "வலிக்குதா, உட்காரும்மா" என்று வீட்டில் அன்பாகச் சொல்வதுதான் கெடுதல். உட்கார்ந்தே இருந்தால் தொடை, பிட்டத் தசைகள் மெலிந்துபோய் மூட்டு இன்னும் தடுமாறும். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; அரசாங்க கிளினிக்கில் பிஸியோதெரபிக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது போன்றவற்றைக் கற்றுத் தருவார்கள். சில வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

கைத்தடியை வலிக்கும் பக்கத்துக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள்! குந்தும் கழிப்பறை இருந்தால் அதன்மேல் கமோட் நாற்காலி போடுங்கள். எடை கூடுதலென்றால் குறைக்கணும். தே தாரிக்கில் (ஆற்றிய பால் தேநீரில்) ஊற்றும் கெட்டிப்பாலிலிருந்தே தொடங்கலாம்.

தைலம் தேய்த்தால் இதமாக இருக்கும், ஆனால் இடுப்பு மூட்டு ஆழத்தில் இருப்பதால் மருந்து அங்கே போய்ச் சேராது. ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகளுக்கு வலி கேட்கும். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் ஃபார்மசியில் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை அடக்கும், ஸ்கேன் பார்த்துத்தான் போட வேண்டும். குளுக்கோசமினுக்குக் காசு செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

இதையெல்லாம் செய்தும் ராத்திரி வலியில் தூக்கம் கெட்டால், அப்புறம் எலும்பு மருத்துவரிடம் ஆபரேஷன் பற்றிப் பேசுங்கள்.