சொந்தக் காரை நாமே பராமரிக்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என் காரின் சிறு வேலைகளை நானே செய்யக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். முன்அனுபவம் கிடையாது. எதில் தொடங்கலாம், எதைத் தொடாமல் விட வேண்டும்?

பதில்: ஸ்பேனரை வாங்குவதற்கு முன் காருடன் வந்த கையேட்டைப் படியுங்கள். எந்தத் தரத்து ஆயில், எத்தனை லிட்டர், எந்தெந்த இடத்தில் ஜாக்கி வைப்பது என்பவை மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், வேறொரு காருக்குச் சொன்னதை வைத்து ஊகிக்கக் கூடாது.

முதல் சில மாதங்கள் எதையும் கழற்றாமல், பார்த்துப் பழகுவதே நல்லது. காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுவதுமாகச் செருகி மறுபடி எடுத்தால், ஆயில் இரு குறிகளுக்கு இடையில் நிற்க வேண்டும். டயரின் காற்றை வண்டி ஓடுவதற்கு முன்பே சோதியுங்கள். கதவுத் தூணிலோ கையேட்டிலோ உள்ள அளவே உங்களுக்கானது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு மட்டுமே. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் அழுத்தத்தில் இருப்பதால் கொதித்துப் பீறிடும்.

கழற்றிச் செய்யும் முதல் வேலையாக ஆயில் மாற்றுவதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் அளவாக இறுக்கும் பழக்கத்தை அது கற்றுத்தருகிறது. புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது கழற்றுவதில் அல்ல, திரும்பப் பூட்டுவதில்தான். அடியிலுள்ள வடிகால் போல்ட்டை முதல் சில சுற்றுகள் விரலால் மட்டுமே திருக வேண்டும். விரலுக்குச் சுலபமாகப் போகவில்லையென்றால் மரை கோணலாக ஏறுகிறது என்று பொருள். அந்நிலையில் ஸ்பேனரால் அழுத்தினால் ஆயில் தொட்டியின் மரையே சிதைந்துவிடும். ஆயிலை வடிகட்டும் பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதியதை மாட்டினால், எஞ்சினை இயக்கியதும் ஆயில் முழுவதும் கொட்டிவிடக்கூடும். புதிய வளையத்தில் சிறிது ஆயில் பூசி, கையாலேயே இறுக்கினால் போதும்.

அடியில் நுழைய வேண்டியிருந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட நுழையாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்கவே இடமில்லை: உறுதியான தளம், சக்கரங்களுக்கு அடைப்பு, எடை தாங்கும் ஸ்டாண்டு மூன்றும் வேண்டும்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் தொடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கக்கூடும். ஏர் ஃபில்டர், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை.

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், காரின் கணினியைப் படிக்கும் கருவியான ஸ்கேனர் காட்டும் குறியீடு, கோளாறு தெரியும் இடத்தைச் சொல்லுமே தவிர, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் பற்றிய குறியீட்டுக்குக் காரணம் விரிசல் விட்ட ஒரு காற்றுக்குழாயாகவும் இருக்கலாம்.

பிரேக் பிடிக்கும்போது உராய்ந்து தேயும் பிரேக் பேடின் தடிமனைப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள். சுமார் 3 மில்லிமீட்டராகத் தேய்ந்தால் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது. மாற்றுவதை மட்டும், அனுபவமுள்ளவர் அருகில் இருந்து கற்றுக்கொடுத்த பிறகே செய்யுங்கள். ஏர்பேக், சஸ்பென்ஷன் ஸ்பிரிங், ஹைபிரிட் வண்டிகளின் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கம்பிகள் ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள்.