கவுன்டரில் நிற்கப்போவது நீங்கள், கார்ட் மட்டும் அவருடைய பெயரில்

கேள்வி: வணக்கம் ஐயா. நான் தம்பிலுவிலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவருக்கு இருதயச் சோதனையும், தேவைப்பட்டால் ஒப்பரேசனும் செய்விக்க இன்னும் ஐந்து கிழமையில் வேலூருக்குப் போகிறோம். சுகமானால் திருவண்ணாமலைக்கும் போய்க் கும்பிட்டுவிட்டு வர ஆசை. எல்லாமாக 25 நாள். கணவரின் சேமிப்புக் கணக்கில் 12 இலட்சம் ரூபாய் இருக்கிறது. என்னுடைய பென்சன் கணக்கு வேறு. முழுக் காசையும் டொலராக்கிக் கையோடு கொண்டுபோகச் சொல்கிறான் தம்பி. அப்பாவின் கார்ட் போதும், காசே தேவையில்லை என்கிறான் கொழும்பில் இருக்கும் மகன். ஊரில் ஒருவர், இங்கே ரூபாயைக் கட்டினால் சென்னையில் தன்னுடைய ஆள் இந்தியக் காசு தருவார் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? முன்பு போய்வந்தபோது மிஞ்சிய இந்திய நோட்டுகளும் அலுமாரியில் கிடக்கின்றன, ஐந்நூறு, ஆயிரம், ஒரு இரண்டாயிரம். அவை செல்லுமா?

பதில்: வணக்கம் டீச்சர். ஐயாவுக்கு நல்லபடியாக நடக்கட்டும். நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் முதலில் சொல்லவேண்டியிருக்கிறது. காசு முழுவதும் ஐயாவின் கணக்கில். கார்ட் ஐயாவின் பெயரில். வங்கி அனுப்பும் எஸ்.எம்.எஸ். போகிற போன் நம்பரும் அவருடையதாகத்தான் இருக்கும். அவரை வார்டுக்குள் கொண்டுபோனபிறகு மருந்துக் கவுன்டரிலும் பில் கவுன்டரிலும் நிற்கப்போவது யார்? நீங்கள். அந்த நேரத்தில் அவரை எழுப்பி கார்ட்டின் இரகசிய இலக்கமான பின் நம்பரைக் கேட்கவும் முடியாது, கேட்டுத் தெரிந்தாலும் இன்னொருவரின் கார்ட்டைப் பாவிப்பதை வங்கி ஏற்றுக்கொள்ளாது, ஏதும் பிழைத்தால் முறைப்பாடு செய்யவும் வாய் இருக்காது.

ஆகவே இந்தக் கிழமைக்குள் இரண்டு பேருமாக வங்கிக் கிளைக்குப் போங்கள். அந்தச் சேமிப்புக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்கி, இருவரில் எவரும் தனித்து இயக்கலாம் என்று எழுதிக் கொடுத்து, உங்கள் பெயரில் ஒரு டெபிட் கார்ட் கேளுங்கள். அது சுணங்கும் என்றால் இன்னும் சுலபமான வழி, ஐந்தாறு இலட்சத்தை உங்கள் பென்சன் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். கார்ட் கைக்கு வர நாளெடுக்கும். ஐந்து கிழமை இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

கார்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். விசா அல்லது மாஸ்டர்கார்ட் அடையாளம் இருக்கிறதா, காலாவதித் திகதி பயணம் முடிந்து சில மாதங்களுக்காவது அப்பால் இருக்கிறதா? அப்புறம் வெளிநாட்டில் பாவிக்கும் வசதி திறக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்கவேண்டும். பல வங்கிகள் அதைப் பூட்டித்தான் வைத்திருக்கும், நாம் கேட்டால்தான் திறப்பார்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மாவின் கண் ஒப்பரேசனுக்கு மதுரைக்குப் போனபோது காசு விசயத்தில் இப்படி ஆலோசனை சொல்வதில் எனக்குப் பத்து வருட அனுபவம். கவுன்டரில் கார்ட்டைக் கொடுத்தேன், மெசின் இரண்டு தரம் கீச்சிட்டு மறுப்புத் துண்டைத் துப்பியது. பின்னால் பதினைந்து பேர் வரிசையில். கணக்கில் காசு இருக்கிறது, எனக்குத் தெரியும், ஆனால் வெளிநாட்டுப் பாவனை திறக்கப்படவில்லை, நான் கேட்டபோது கிளையில் இருந்தவர் எல்லாம் சரி என்று தலையாட்டியிருந்தார், நானும் அதை நம்பிச் சோதித்துப் பார்க்காமல் போய்விட்டேன். வங்கியைப் போனில் பிடிக்க முக்கால் மணித்தியாலம். அதுவரை அம்மா கண்ணில் மருந்து விட்டபடி வாங்கில் இருந்தா. அன்றிலிருந்து யார் கேட்டாலும் சொல்கிறேன், வாயால் சொன்னதை நம்பாதீர்கள், வங்கியின் செயலியில் நீங்களே பாருங்கள், அல்லது திறந்துவிட்டதாக எஸ்.எம்.எஸ். வரும்வரை அந்தக் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.

போகிற இடத்தில் கடைக்காரர்கள் கார்ட் மெசினை உங்கள் கையில் தந்து பின் நம்பர் அடிக்கச் சொல்வார்கள். நம்மூரில் கிரெடிட் கார்ட்டுக்குக் கையெழுத்து வைத்தே பழகியவர்களுக்கு அதற்கு ஒரு பின் நம்பர் உண்டென்பதே தெரியாது. கிரெடிட் கார்ட்டும் கொண்டுபோவதானால் அதன் நம்பரையும் இங்கேயே வாங்கி, திருக்கோவிலிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு கடையில் பாவித்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

போன் விசயம் இதைவிட முக்கியம். இந்தியாவில் இறங்கியதும் அங்குள்ள சிம்மைப் போட்டுவிட்டு, நம்முடைய சிம்மைக் கழற்றிப் பர்சுக்குள் வைப்பதுதான் எல்லாரும் செய்வது. ஆஸ்பத்திரிக்கு இணையத்தில் பணம் கட்டும்போது வங்கி அனுப்பும் ஒருதடவை இலக்கம் (ஓ.டி.பி.) அந்தக் கழற்றிய சிம்முக்குத்தான் வரும். இரண்டு சிம் போடக்கூடிய போன் என்றால் இலங்கை சிம்மையும் உள்ளேயே விட்டு, அது அங்கேயும் வேலை செய்வதற்கான ரோமிங் வசதியைப் புறப்படும் முன்பே திறந்துவையுங்கள். டேட்டா ரோமிங் மட்டும் வேண்டாம், அதை மூடிவிடுங்கள், இல்லையென்றால் பில் எகிறும். உங்கள் கணக்கோடு பதிந்திருப்பது உங்கள் நம்பர்தானா, மகனுடையதா என்றும் வங்கியில் பாருங்கள். பிள்ளைகளின் நம்பரைக் கொடுத்துவைத்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்.

இனி தம்பியும் மகனும். இரண்டு பேரும் பாதி சரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இந்திய ரூபாய் ஒன்று நம் காசில் மூன்றரை ரூபாய், டொலர் ஒன்று 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், நீங்கள் போகிற நாளில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அறை வாடகை, சாப்பாடு, ஓட்டோ, சில்லறை மருந்து என்று நாளுக்கு 2,500 இந்திய ரூபாய் போனால் 25 நாளுக்கு 62,500. நம் காசில் இரண்டு இலட்சத்துப் பத்தொன்பதாயிரத்துக்குக் கிட்ட, டொலரில் ஏறக்குறைய 730. கையில் காசாகக் கொண்டுபோகவேண்டியது இவ்வளவுதான், கைகாவலாகக் கொஞ்சம் சேர்த்து 900 டொலர் என்று வையுங்கள். மீதி ஒன்பது இலட்சத்தையும் இடுப்பில் கட்டிக்கொண்டு லொட்ஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைவது, அதுவும் நோயாளியோடு, சரியான யோசனை இல்லை. தொலைந்த காசை யாரும் திருப்பித் தரமாட்டார்கள், தொலைந்த கார்ட்டை ஒரு போன் கோலில் முடக்கலாம்.

அதற்காகக் காசே வேண்டாம் என்ற மகனின் பேச்சும் எடுபடாது. தேநீர்க் கடை, பூக்காரி, ஓட்டோ, எல்லா இடத்திலும் ஒரு சதுரப் படம் ஒட்டிய அட்டை தொங்கும், அதுதான் யூ.பி.ஐ. என்ற போன் வழியாகக் காசு கட்டும் முறை. அந்த ஊரார் போனைக் காட்டிக் கட்டிவிட்டுப் போவார்கள். 2024 பெப்ரவரியில் இலங்கையிலும் யூ.பி.ஐ. தொடங்கியதே, நமக்கும் வேலை செய்யும்தானே என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். அது இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் இங்கே கட்டுவதற்கு. நம்முடைய வங்கிக் கணக்கை வைத்து அங்கே கட்டுவதற்கு இல்லை. அந்தச் சின்னக் கடைகளில் கார்ட் மெசினும் இருக்காது. ஆக உங்களுக்கு அங்கே நோட்டும் சில்லறையும்தான் கைகொடுக்கும். ஐந்நூறு ரூபாய் நோட்டை ஓட்டோவில் நீட்டினால் சில்லறை இல்லை என்பார்கள், நூறும் ஐம்பதுமாகக் கேட்டு வாங்குங்கள்.

டொலரை இங்கே வங்கியில், பாஸ்போட், விசா, டிக்கெட் காட்டி வாங்குங்கள். நூறு டொலர் நோட்டாக, புதிதாக, கீறல் கிழியல் இல்லாமல் கேளுங்கள். சென்னையில் என்னுடைய ஒரு நோட்டை மாற்ற மறுத்தார்கள், காரணம் அதன் மூலையில் யாரோ நீலப் பேனையால் போட்டிருந்த ஒரு சின்னக் கோடு, அரிசி மணியளவுகூட இல்லை. இலங்கை ரூபாயாகவே கொண்டுபோய் அங்கே மாற்றலாம் என்று நினைக்காதீர்கள், விலை அடிபடும். விமான நிலையத்தில் ஓட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் மாற்றிக்கொண்டு மீதியை ஊருக்குள் அனுமதி பெற்ற இடத்தில் மாற்றுங்கள், மாற்றியதற்குத் தரும் துண்டை எறியாதீர்கள். திரும்பும்போது மிஞ்சும் இந்தியக் காசை மறுபடி மாற்ற அந்தத் துண்டைக் கேட்பார்கள். நோட்டாக 5,000 டொலருக்கு மேல் கொண்டுபோனால்தான் இந்தியச் சுங்கத்தில் அறிவிக்கவேண்டும், உங்கள் தொகைக்கு அந்தத் தலையிடி இல்லை.

பெரிய பில் வேறு கதை. பெரிய ஆஸ்பத்திரிகளில் வெளிநாட்டு நோயாளருக்கென்று ஒரு பிரிவு இருக்கும். சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும், முற்பணம் எவ்வளவு, எந்தக் கணக்குக்கு அனுப்பலாம் என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அந்தக் கடிதத்தோடு போனால் மருத்துவச் செலவுக்காக உங்கள் வங்கியே நேரடியாக அனுப்பும். தொகை பெரிதென்றால் எனக்கு இதுதான் பிடித்த வழி, கார்ட் அதற்குப் பின்னால். கார்ட்டில் கட்டுவதானால் நாளொன்றுக்கான உச்சவரம்பு எவ்வளவு என்று கேட்டு, இந்த 25 நாளுக்கு மட்டும் கூட்டித் தரச் சொல்லுங்கள். கணக்கில் 12 இலட்சம் இருந்தும் வரம்பு தாண்டினால் மெசின் மறுக்கும். நாணய மாற்றுக்கு மேல் வங்கி எத்தனை வீதம் வைக்கிறது, கிரெடிட் கார்ட் என்றால் முத்திரை வரி சேருமா என்பதையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காசு முடிந்து ஏ.டி.எம்.மில் எடுக்க நேர்ந்தால் டெபிட் கார்ட்டில் மட்டும் எடுங்கள். கிரெடிட் கார்ட்டில் எடுத்தால் எடுத்த அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். ஒவ்வொரு தரமும் ஒரு கட்டணம் உண்டு, அது 600 ரூபாய் என்று வைத்தால், 2,000 இந்திய ரூபாய் எடுக்கும்போது, அதாவது நம்முடைய 7,000க்கு, எட்டரை வீதம் போய்விடுகிறது. அதையே 10,000 எடுத்தால் இரண்டு வீதம்கூட இல்லை. பல மெசின்களில் வெளிநாட்டுக் கார்ட்டுக்கு ஒரு தரத்துக்கு 10,000தான் வரும், அதை முழுதாக எடுங்கள்.

மெசின் திரையில் சிலவேளை ஒரு கேள்வி வரும், உங்கள் நாட்டுக் காசில் கழிக்கவா, இந்திய ரூபாயில் கழிக்கவா என்று. கடையிலும் கேட்பார்கள். நம்முடைய காசைக் கண்டதும் ஒரு நிம்மதி வரும், விரல் அங்கேதான் போகும். இந்திய ரூபாயை அழுத்துங்கள். மற்றதை அழுத்தினால் மாற்று விலையை அந்த மெசின்காரர் தனக்கு வேண்டியபடி வைத்துக்கொள்வார், நட்டம் உங்களுக்கு.

இங்கே கட்டினால் சென்னையில் ஆள் தருவார் என்பது உண்டியல், வங்கிக்கு வெளியே ஆள்மூலம் காசு கைமாற்றுவது. வேண்டாம் டீச்சர். சட்டத்துக்குப் புறம்பு, துண்டு இல்லை, அந்த ஆள் அன்றைக்குப் போனை எடுக்காவிட்டால் ஐயாவை வைத்துக்கொண்டு நீங்கள் எங்கே போவீர்கள்?

அலுமாரி நோட்டுகளில் பழைய ஐந்நூறும் ஆயிரமும் 2016 நவம்பர் 8 இரவோடு செல்லாமல் போய்விட்டன. ஐந்நூறின் பின்பக்கத்தில் செங்கோட்டை இருந்தால் அது புதியது, செல்லும். காந்தி முன்னே நடக்க ஆட்கள் பின்னால் போகிற படம் இருந்தால் பழையது. இரண்டாயிரத்தை 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், கடைக்காரர் வாங்கமாட்டார். அதை மாற்ற ரிசேர்வ் வங்கியின் அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும், ஒரு நோட்டுக்காக ஐயாவை லொட்ஜில் விட்டுவிட்டு சென்னை முழுக்க அலையாதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை. இரண்டு கார்ட்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள், ஒன்று உங்கள் கைப்பையில், மற்றது பெட்டிக்குள். கார்ட்டை முடக்க அழைக்கும் நம்பர் கார்ட்டின் பின்னால்தான் இருக்கும், கார்ட் போனால் நம்பரும் போகும். அதை ஒரு கொப்பித் தாளில், இலங்கைக்கு வெளியே இருந்து அழைக்கும்போது முன்னால் போடவேண்டிய 94ஓடு சேர்த்து, உங்கள் கையெழுத்தில் பெரிதாக எழுதி, ஐயாவின் மருத்துவ அறிக்கைகள் வைத்திருக்கும் பைலின் உள்மட்டையில் ஒட்டிவிடுங்கள். அங்கே எப்போதும் உங்கள் கையில் இருக்கப்போவது அந்தப் பைல்தான்.