பழைய ஏ.சி.யில் புது கேஸ் ஏற்றலாமா?

கேள்வி: வீட்டு ஏ.சி. 2012-ல் வாங்கியது, ஆர்-22 கேஸ். "இனி அது கிடைக்காது, ஆர்-32 ஏற்றிவிடலாம்" என்கிறார் மெக்கானிக். ஏற்றலாமா? (பாலக்கோடு)

பதில்: கூடவே கூடாது. 40 டிகிரியில் ஆர்-22-இன் அழுத்தம் சுமார் 15 பார். ஆர்-32-க்கு 25 பாரை நெருங்கும். உங்கள் கண்டென்சர் (சூட்டை வெளியே தள்ளும் குழாய்ச் சுருள்) அதற்காகச் செய்ததல்ல. பழைய மினரல் ஆயில் ஆர்-32-உடன் கலக்காது. ஆயில் திரும்பி வராமல் கம்ப்ரசர் ஜாம் ஆகும். ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியதும்கூட.

'கிடைக்காது' என்பதும் அவசரப் பேச்சு. ஆர்-22 ஓசோன் படலத்தை அரிப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளரும் நாடுகள் அதை 2030-க்குள் கைவிட வேண்டும். ஆனால் பழைய மெஷின்களின் பழுதுபார்ப்புக்கென்று 2040 வரை சிறு அளவு விட்டுவைத்திருக்கிறார்கள். எனவே லீக்கை அடைத்து அதே கேஸை ஏற்றுங்கள். லீக் பார்க்க நைட்ரஜனும் சோப்பு நுரையும் போதும். ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டினால் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். பிறகு பம்பால் உள்ளே இருக்கும் காற்றை இழுத்து 500 மைக்ரான் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) வரை வேக்கம் எடுத்து, பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் கவனியுங்கள். மீட்டர் முள் ஏறிக்கொண்டே போனால் லீக் இன்னும் இருக்கிறது, அல்லது உள்ளே ஈரம் இருக்கிறது.

கேள்வி: ரோஜா வைக்கும் குளிர் அறை, ஆர்-404ஏ. பிப்ரவரி சீசனுக்கு முன் வருஷா வருஷம் கேஸ் ஏற்றுகிறோம். இது சகஜம்தானே? (ஓசூர்)

பதில்: இல்லை. கேஸ் தேய்ந்து தீரும் பொருளல்ல. குறைகிறது என்றால் ஒழுகுகிறது. அதுவும் ஆர்-404ஏ, கார்பன் டை ஆக்சைடைப்போல 3,922 மடங்கு புவியைச் சூடாக்குவது. 5 கிலோ போனால் ஏறக்குறைய 20 டன் கரியமில வாயு விட்டதற்குச் சமம். ஃபிளேர் நட்டுகள், சர்வீஸ் வால்வு மூடி, அதிர்ந்து உரசும் காப்பர் பைப் ஆகியவற்றை முதலில் பாருங்கள். இது மூன்று கேஸ்களின் கலவை என்பதால், சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுத்து ஏற்ற வேண்டும். ஆவியாக எடுத்தால் கலவை விகிதம் மாறிவிடும்.

மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கிகாலி திருத்தப்படி இந்தியாவில் இத்தகைய எச்.எஃப்.சி. (ஹைட்ரோஃபுளோரோகார்பன்) கேஸ்களின் அளவு 2028-க்குமேல் கூடாமல் நிறுத்தப்படும், 2032-லிருந்து குறையும். புது அறை கட்டுவதாக இருந்தால் ஆர்-404ஏ கேட்காதீர்கள்.

கேள்வி: ஆர்-600ஏ ஃபிரிட்ஜில் அடுப்பு கேஸையே ஏற்றலாம் என்கிறார்களே? (பென்னாகரம்)

பதில்: அடுப்பு கேஸில் புரோபேனும் வாசனைப் பொருளும் கலந்திருக்கும், ஈரமும் இருக்கலாம். ஃபிரிட்ஜுக்குத் தேவை சுத்தமான ஐசோபியூட்டேன் (அதுதான் ஆர்-600ஏ), ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் கணக்கில், டிஜிட்டல் தராசில் எடைபோட்டு. உள்ளே கேஸ் இருக்கையில் பைப் ஒட்டும் டார்ச்சைப் பற்றவைக்கக் கூடாது.

கேள்வி: பக்கத்து மாங்கூழ் ஆலையில் அம்மோனியா வாடை. ஓசோனைக் கெடுக்குமா? (காவேரிப்பட்டணம்)

பதில்: அம்மோனியாவும் குளிரூட்டும் கேஸ்தான், ஆனால் ஓசோனுக்கும் வெப்பமயமாதலுக்கும் அதனால் கேடில்லை. கேடு உங்கள் மூச்சுக்குத்தான். வாடை பலமானால் ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு காற்றுக்குக் குறுக்காக விலகுங்கள். தரையில் தேங்கிய அம்மோனியா திரவத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். இன்னும் வேகமாக ஆவியாகும்.