உலோகக் கிளாரினெட்டைச் சீரமைக்கலாமா?

கேள்வி: தாத்தா வாசித்த பழைய உலோகக் கிளாரினெட் ஒன்று என்னிடம் இருக்கிறது. செலவு செய்து சீரமைப்பது தகுமா?

பதில்: 1920, 1930-களில் அமெரிக்காவில் பள்ளி, ராணுவ இசைக்குழுக்களுக்காக இத்தகைய கிளாரினெட்டுகள் ஏராளமாகச் செய்யப்பட்டதால், பழமை மட்டுமே இதற்கு விலைமதிப்பைத் தந்துவிடாது. பாஸ்டனில் தயாரான ‘சில்வா-பெட்’ போன்ற உயர்தரக் கருவிகள் விதிவிலக்கு. முதலில் குழலின் மேல் ‘எச்.பி.’ (ஹை பிட்ச், அதாவது உயர்ந்த சுருதி) என்னும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் சுருதி இன்றைய பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது, எவ்வளவு செலவழித்தாலும் பிற வாத்தியங்களோடு இணையாது. துளைகளை மூடும் மெத்தைகள் உலர்ந்து வெடித்திருப்பதும் கார்க் உதிர்ந்திருப்பதும் வயதின் இயல்பு, மாற்றிவிடலாம். குழல் வளைந்தோ, விரலால் அழுத்தும் சாவிகளைத் தாங்கும் தூண்கள் பற்றவைப்பு விட்டோ இருந்தால் மட்டும் தயங்குங்கள். ஆனால் தாத்தாவின் கருவியை நீங்களே வாசிக்க விரும்பினால், விற்பனை விலையை அளவுகோலாகக் கொள்ளாமல் சீரமைப்பதையே நான் மனமாரப் பரிந்துரைப்பேன்.