மகள் ரஷ்யன் பேசுகிறாள், எழுதினால் பிழையாக வருகிறது

கேள்வி: நாங்கள் பெர்லினில் வசிக்கிறோம். என் மனைவி ரஷ்யர். ஒன்பது வயது மகள் அம்மாவிடமும் பாட்டியிடமும் சரளமாக ரஷ்யன் பேசுவாள். படிக்க மட்டும் தெரியாது. ரஷ்யன் வகுப்பில் சேர்த்தோம், மூன்றாம் வாரமே போக மாட்டேன் என்கிறாள். எழுதச் சொன்னால் வார்த்தைக்கு ஒரு பிழை. அவளுக்கு மொழி வரவில்லையா?

பதில்: மொழி நன்றாகவே வந்திருக்கிறது. அது என்ன வகுப்பு என்று முதலில் பாருங்கள். ரஷ்யனைப் புதிதாகக் கற்பவர்களோடு உட்கார வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பாட்டியோடு வாயாடும் பிள்ளைக்கு 'இது மேசை, அது நாற்காலி' பாடம் எப்படிப் பிடிக்கும்? வீட்டில் கேட்டுப் பேசி வளர்ந்தவர்களுக்குப் பாடமுறையே வேறு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பேராசிரியர் ஒல்கா ககன் இதற்காகவே பல ஆண்டுகள் உழைத்தார். நானும் வார இறுதிகளில் இத்தகைய பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

எழுத்துகள் 33தான். சிக்கல், ஜெர்மனை எழுதும் லத்தீன் (ஆங்கில) எழுத்துகளுக்குப் பழகிய கண்ணால் வருகிறது. 'ரெஸ்தரான்' என்ற பெயர்ப்பலகையை இவர்கள் 'பெக்டோபா' என்று படிப்பார்கள். ரஷ்யனின் 'ர' லத்தீன் 'பி' போலவும், 'ஸ' லத்தீன் 'சி' போலவும் இருப்பதுதான் காரணம். அதனால் வடிவமும் ஒலியும் ஒத்துப்போகும் எழுத்துகளில் தொடங்குங்கள். மாமா (அம்மா), கோத் (பூனை) என்று முதல் நாளே இரண்டு சொல் படித்துவிடுவாள். ஏமாற்றும் எழுத்துகள் அப்புறம் வரட்டும்.

எழுத்துப் பிழைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரஷ்யன் சொல்லில் ஓர் அசையை மட்டும் ஓங்கிச் சொல்வார்கள்; அதுதான் அழுத்தம். அழுத்தம் விழாத 'ஒ', 'அ' போலத்தான் ஒலிக்கும். மலைக்கு 'கோரா' என்று எழுதி 'கரா' என்று சொல்வார்கள். என் வகுப்புப் பையன் ஒருவன் மலை படம் வரைந்து, கீழே காதில் விழுந்தபடியே 'கரா' என்று எழுதியிருந்தான். நான் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. "ஒரு மலை என்றால் கரா. நிறைய மலை என்றால்?" என்று கேட்டேன். "கோரி" என்றான். சொன்னவன் அப்படியே நின்றான். இன்னொரு முறை மெதுவாக "கோ...ரி" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, அழிப்பானை எடுத்து அவனே திருத்தினான்.

பன்மையில் அழுத்தம் இடம் மாறி முதல் அசைக்கு வருவதால், ஒளிந்திருந்த 'ஒ' வெளியே தெரிகிறது. வெளியார் இந்தப் பன்மையை மனப்பாடம் செய்ய வேண்டும். உங்கள் மகளுக்கு அது ஏற்கெனவே வாயில் இருக்கிறது. தண்ணீருக்கும் இப்படியே: வதா, வோதி. நாமும் 'மள' என்று சொல்லி 'மழை' என்று எழுதுகிறவர்கள்தானே. அந்தப் பிழைக்காக ஒரு பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை.

எல்லாச் சொல்லுக்கும் இந்த வழி உதவாது. 'அவனுடைய' என்பதை 'யெகோ' என்று எழுதி 'யிவோ' என்று சொல்வார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

தினமும் பத்து நிமிடம் அம்மாவும் மகளும் சேர்ந்து சத்தமாகப் படிக்கட்டும். அழுத்தக்குறி அச்சிட்ட சிறுவர் புத்தகமாக வாங்குங்கள். 'யோ' எழுத்தின் மேலுள்ள இரட்டைப் புள்ளியைப் பெரியவர்களுக்கான புத்தகங்களில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்; தொடக்கத்தில் அது குழப்பும். குரல் செய்தி அனுப்பும் பாட்டியிடம், கூடவே ஒரு வரி எழுதியும் அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: கூட்டெழுத்தும் (எழுத்துகளைச் சேர்த்து எழுதும் கையெழுத்து) கற்றுத்தர வேண்டுமா?

பதில்: வேண்டும், ஆனால் அச்செழுத்து சரளமான பிறகு. கையால் எழுதும்போது 'த' லத்தீன் 'எம்' போலவும், 'இ' லத்தீன் 'யு' போலவும் மாறிவிடும். சில சொற்கள் வெறும் கொக்கிவரிசையாகத் தெரியும். பாட்டி கைப்பட எழுதிய பிறந்தநாள் அட்டை வீட்டில் இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும்.