"கடிக்காது, கேரண்டி"

கடிதம்:

அண்ணா வணக்கம். கோவைல இருந்து எழுதறேனுங்க. உங்களை ரொம்ப நாளா படிக்கறேன், கடிதம் எழுதறது இதான் முதல் தடவை. என் பையன் ஆறாவது படிக்கறான். நாங்க லவ் பேர்ட்ஸ் வளக்கறதால ஒரு பெட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல இருக்கேன். போன வியாழக்கிழமை அதுல ஒருத்தர் ஸ்லோ லோரிஸ் குட்டி (தேவாங்கு மாதிரி பெரிய கண்ணு உள்ள ஒரு பிராணி) இருக்குன்னு வீடியோ போட்டார். "கைக்குட்டி, கடிக்காது, கேரண்டி, பேப்பர் தர்றோம்"னு எழுதி விலையும் போட்டிருந்தார். தொட்டா ரெண்டு கையையும் தூக்கிட்டு அப்படியே பாக்குது. பையன் ராத்திரியெல்லாம் தூங்கலை. எனக்கும் அந்தக் கண்ணைப் பாத்து பாவமா போச்சு. எப்படியும் யாரோ ஒருத்தர் வாங்கத்தான் போறாங்க, மோசமான ஆள் கைக்குப் போறதுக்கு நாமளே வாங்கி நல்லா பாத்துக்கிட்டா அது காப்பாத்தற மாதிரிதானே? தப்பா நினைக்காம பதில் சொல்லுங்க.

எஸ்., கோவை

பதில்:

அன்புள்ள எஸ்.,

தப்பா நினைக்க ஒண்ணுமே இல்லைங்க. பாவம்னு தோணுனதாலதான் எழுதியிருக்கீங்க. ஆனா வாங்காதீங்க, எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீங்க.

உங்க கடிதத்துல என்னைப் புடிச்சு நிறுத்துன வார்த்தை "கடிக்காது, கேரண்டி"தான். ஸ்லோ லோரிஸ் கடிக்கற பிராணிங்க, அதுவும் விஷக்கடி. குரங்கு, தேவாங்கு எல்லாம் அடங்குன பிராணி வகைல விஷம் உள்ளது இது ஒண்ணுதான். முழங்கைக்கு உள்பக்கம் ஒரு சுரப்பி இருக்கு, அதுல வர்ற திரவத்தை நக்கி எச்சிலோட கலந்து கடிக்கும், கடிபட்டவங்களுக்கு மூச்சு திணறி ஆஸ்பத்திரிக்குப் போற அளவுக்கு ஆனதெல்லாம் உண்டு. அப்படிப்பட்ட ஒண்ணை எப்படி ஒருத்தர் கடிக்காதுன்னு கேரண்டி கொடுக்க முடியும்? பல்லை வெட்டிட்டாத்தான் முடியும். நாம நகம் வெட்டற நெயில் கட்டர் இருக்கே அதை வச்சோ கட்டிங் பிளேயரை வச்சோ முன்பல்லை ஒண்ணொண்ணா நறுக்குவாங்க, மயக்க மருந்தெல்லாம் கிடையாது, ஒருத்தர் கழுத்தைப் புடிச்சுக்க இன்னொருத்தர் வெட்டுவார். வாயெல்லாம் ரத்தம். அப்புறம் ஈறு சீழ் வச்சு பாதி வழிலயே செத்துப்போறது நிறைய. பொழைச்சு வர்றதைத்தான் வீடியோ எடுத்து கைக்குட்டின்னு விக்கறாங்க.

அது கை தூக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, அதையும் சொல்லிடறேன். 2009-ல ரஷ்யால ஒரு வீட்டுல எடுத்த வீடியோ ஒண்ணு யூடியூப்ல வந்துச்சு, ஒரு லோரிஸைக் கிச்சுகிச்சு மூட்டுவாங்க, அது கையைத் தூக்கிட்டே இருக்கும், உலகமே பாத்து எனக்கும் ஒண்ணு வேணும்னு கமெண்ட் போட்டுச்சு. அது சந்தோஷத்துல தூக்கறது இல்லைங்க. பயந்துபோனா அந்த விஷச் சுரப்பி வாய்க்கு எட்டணும்னு கையைத் தலைக்கு மேல தூக்கும். நம்ம கண்ணுக்கு அது கொஞ்சறதா தெரியுது. ராத்திரில நடமாடற பிராணி வேற, ட்யூப்லைட் வெளிச்சமே அதுக்கு வேதனை, அந்தக் கண்ணுதான் நமக்கு அழகா தெரியறது.

இந்தோனேசியால ஜாவா தீவுல இருக்கற லோரிஸ் இன்னைக்கு அழிஞ்சுபோற விளிம்புல நிக்குது. காடு போனதும் ஒரு காரணம், இந்த வியாபாரம் இன்னொரு காரணம். 2007-லயே வனவிலங்கு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தற சைட்டிஸ்ங்கற உலக ஒப்பந்தத்துல முதல் பட்டியலுக்கு ஏத்தி நாடு விட்டு நாடு விக்கறதைத் தடை பண்ணியாச்சு, ஆனாலும் ஜகார்த்தா சந்தைகள்ல கூண்டுல வச்சு வித்தாங்க, அப்புறம் வியாபாரம் ஃபேஸ்புக்குக்குப் போயிடுச்சு. புடிக்கறதும் சுலபம், ஆபத்துன்னா ஓடாது, கிளையைக் கெட்டியா புடிச்சுக்கிட்டு அசையாம நிக்கும், அப்படியே பறிச்சு எடுத்துடலாம். ஆறு மாசம் சுமந்து பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும், அதனால போனது போனதுதான், ஈடு கட்டவே முடியாது.

பல்லு வெட்டுனதை மீட்டாலும் திருப்பி காட்டுல விட முடியாதுங்கறதுதான் எனக்குத் தாங்கவே முடியாத விஷயம். அதுக்கு முக்கியமான சாப்பாடு மரப்பிசின், கீழ்ப்பல்லால பட்டையைக் கீறித்தான் வரவழைச்சு சாப்பிடணும். பல்லு இல்லாத லோரிஸுக்கு மரம் நிறைய பிசின் இருந்தும் பட்டினிதான். ஜாவால போகோர்ங்கற ஊர் பக்கம் ஒரு மீட்பு மையத்துல இப்படி பல்லு போனதுகளை ஆயுசு பூரா வச்சு பாத்துக்கறாங்க.

பேப்பர் தர்றோம்ங்கறது சுத்தப் பொய். ஸ்லோ லோரிஸ் நம்ம அசாம், மேகாலயா, திரிபுரா காடுகள்லயும் இருக்கு, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, அதாவது புலிக்கு இருக்கற அதே இடம். வீட்டுல வச்சிருந்தா 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரை ஜெயில். இதுக்கு எந்தப் பேப்பரும் யாராலயும் தர முடியாது.

இதோட சொந்தக்காரன் நம்ம ஊர்லயே இருக்கான்ங்க, தேவாங்கு. பல வருஷம் முன்னாடி அய்யலூர் பக்கம் மாமா வீட்டுக்குப் போயிருந்தப்ப, ராத்திரி சாப்பிட்டு முடிச்சு டார்ச்ல சிவப்பு கண்ணாடிப் பேப்பரைக் கட்டி கூட்டிட்டுப் போனார். ஒரு உசிலை மரத்துல ரெண்டு தணல் மாதிரி கண்ணு. வெள்ளை வெளிச்சம் அடிக்காதடா, அதுக்குக் கண்ணு கூசும்னார். ஒரு கையை எடுத்து அடுத்த கிளையில வச்சு, அது தாங்குதான்னு பாத்துட்டு இன்னொரு கையை எடுத்துச்சு, அவ்வளவு நிதானம். ஒரு பூச்சி வந்து உக்காந்ததும் மட்டும் ரெண்டு கையாலயும் படக்குன்னு புடிச்சு வாயில போட்டுக்கிச்சு. மந்திரம் மாந்திரீகம்னு அந்தக் கண்ணுக்காகவே அதைப் புடிச்சவங்க இருந்தாங்க, இப்போ 2022-ல கரூர், திண்டுக்கல் மாவட்டங்கள்ல 11,806 ஹெக்டேர் தேவாங்கு சரணாலயமா அறிவிச்சிருக்காங்க. பையனுக்கு அதைப் பத்திச் சொல்லுங்க. லீவுல வனத்துறைகிட்ட முறையா அனுமதி கேட்டுப் பாருங்க, தூரத்துல இருந்து அந்த ரெண்டு கண்ணைப் பாத்தாலே போதும் அவனுக்கு.

இப்போ நீங்க கேட்ட கேள்வி, நாமளே வாங்கி காப்பாத்தறது. நீங்க கொடுக்கற காசு போய்ச் சேர்றது புடிக்கறவன் கைக்கு. ஒண்ணு வித்துச்சுன்னா அவன் அடுத்த வாரம் இன்னொரு மரம் ஏறுவான். உங்களுக்கு வந்த அந்தப் பாவம் இருக்கே, அதை நம்பித்தான் அவன் கண்ணை க்ளோஸப்ல எடுத்துப் போடறான், அதனால உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அந்தக் குட்டியை நிஜமாவே காப்பாத்தணும்னா குரூப்ல சண்டை போடாதீங்க, அவன் மெசேஜை டெலீட் பண்ணிட்டு நம்பரை மாத்திடுவான். வீடியோ, நம்பர், விலை போட்டது எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கோவை மாவட்ட வன அலுவலர் ஆபீஸ்ல கொடுங்க, மத்திய வனவிலங்கு குற்றத் தடுப்புப் பிரிவோட ஆபீஸ் சென்னைல இருக்கு, அங்கயும் அனுப்புங்க. வீட்டுக்காரரையும் கூட கூட்டிட்டுப் போங்க. வியாழக்கிழமை போட்டதுன்னு எழுதியிருக்கீங்க, உங்க கடிதத்தை நான் பாக்கறப்பவே அஞ்சு நாள் ஆயிடுச்சு, அதனால இதைப் படிச்ச உடனே கிளம்புங்க.