குஸ்கோவில் ஒரு நாள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: பெரு நாட்டின் குஸ்கோ நகரில் எங்களுக்கு ஒரே ஒரு முழு நாள்தான் இருக்கிறது. 130 சோல் (பெருவின் நாணயம்) கொடுத்துச் சுற்றுலாச் சீட்டு வாங்கினால்தான் எதையும் பார்க்க முடியும் என்கிறார் பயண முகவர். வாங்கலாமா?

பதில்: ஒரு நாளுக்கு அது வேண்டாம். அந்த முழுச் சீட்டு பத்து நாள் செல்லும். பிசாக், ஒல்லாந்தாய்தம்போ என்று புனிதப் பள்ளத்தாக்கு வரை போகிறவர்களுக்கு அது லாபம். உங்களுக்கு 70 சோல் விலையுள்ள முதல் சுற்றுச் சீட்டே போதும். ஒரே நாள்தான் செல்லும், ஆனால் நகருக்கு மேலே மலையில் இருக்கும் சாக்சாய்வமான், கென்கோ, பூக்கா புக்காரா, தம்போமச்சாய் என்ற நான்கு இன்கா காலச் சின்னங்களும் அதில் அடக்கம். கட்டணம் மாறக்கூடியது, கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். பிளாசா டி அர்மாஸ் சதுக்கத்துப் பேராலயமும் கொரிகாஞ்சா எனும் பழைய சூரியக் கோயிலும் எந்தச் சுற்றுலாச் சீட்டிலும் சேராது. இரண்டுக்கும் வாசலில் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கொரிகாஞ்சாவை ஒட்டிய சின்ன அருங்காட்சியகம் மட்டும் முழுச் சீட்டில் வரும். பெயர் ஒன்றாக இருப்பதால், கோயிலுக்கே சீட்டு வாங்கிவிட்டதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்றுக்குத்தான் கையில் காசு என்றால் நான் கொரிகாஞ்சாவைத்தான் சொல்வேன். ஸ்பானியர்கள் வருவதற்கு முன் அங்கே ஆண்ட இன்காக்களின் சூரியக் கோயில் சுவர்மேல் ஸ்பானியர்கள் மடம் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் மடம் பலத்த சேதமடைந்தது, அடியிலிருந்த இன்கா சுவர் அசையவில்லை. அதைப் பார்க்க எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

டாக்சியில் முதலில் தம்போமச்சாய்க்கு ஏறிவிடுங்கள். மற்ற மூன்றையும் பார்த்தபடி இறங்கி, சாக்சாய்வமானிலிருந்து நகருக்குள் நடந்தே வந்துவிடலாம். டாக்சிகளில் மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே கட்டணம் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: உயரத்தால் மூச்சு வாங்கும் என்பதால் ஆக்சிஜன் டப்பா வாங்கி வைக்கச் சொல்கிறார்கள். கோகா மிட்டாய் ஊருக்கும் வாங்கி வரலாமா?

பதில்: குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும். சின்ன டப்பா சில நிமிடங்களுக்குத்தான் உதவும், அந்தக் காசை மிச்சப்படுத்துங்கள். உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை உங்களுக்கு ஏற்றதா என்று புறப்படும் முன் ஊரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். தலைவலி தாங்க முடியாமல் போனாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். உயரம் குறைந்த இடத்துக்கு இறங்குவதுதான் உண்மையான மருந்து.

கோகா தேநீர் அங்கே சட்டப்படியானது, பல விடுதிகளில் இலவசமாகவே வைத்திருப்பார்கள். குடியுங்கள். ஆனால் இலை, தேநீர்ப் பை, மிட்டாய் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில், கொக்கெய்ன் எடுக்கப்படும் கோகா இலையும் அடக்கம். அமெரிக்கா வழியாகத் திரும்பினால் அங்கேயும் சிக்கல்தான்.

கேள்வி: தெருவில் 60 சோலுக்கு ‘பேபி அல்பாக்கா’ ஸ்வெட்டர், கடையில் அதே பெயரில் 400 சோல். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: அல்பாக்கா என்பது ரோமத்துக்காக ஆண்டிஸ் மலையில் வளர்க்கும் ஒட்டக இன விலங்கு. 60 சோல் ஸ்வெட்டர் பெரும்பாலும் அக்ரிலிக் எனும் செயற்கை இழைதான், அல்லது அக்ரிலிக்கோடு கொஞ்சம் கம்பளி கலந்தது. பேபி அல்பாக்கா என்பது குட்டியின் ரோமம் அல்ல, நூலின் தரம். பெருவின் தரக்கணக்குப்படி இழையின் சராசரித் தடிமன் 23 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். ஒரு விலங்கின் ரோமத்தில் அப்படிப்பட்ட இழை கொஞ்சம்தான் கிடைக்கும், அதைக் கையால் தரம் பிரிக்கிறார்கள். அந்த வேலைக்கெல்லாம் 60 சோலில் இடமில்லை.

கடையில் முதலில் உள்பக்கத் துணிச்சீட்டைப் பாருங்கள். என்ன இழை, எத்தனை விழுக்காடு என்று எழுதியிருக்க வேண்டும். வெறும் ‘பேபி அல்பாக்கா’ என்று மட்டும் இருந்தால் நம்ப வேண்டாம். அப்புறம் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல அல்பாக்கா தொட்டதும் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும், துணி தொய்ந்து விழும். அக்ரிலிக் லேசாக, மினுமினுப்பாக இருக்கும். ‘விக்குன்யா’ சால்வை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். அது காட்டு விலங்கு, பன்னாட்டு ஒப்பந்தப் பாதுகாப்பில் உள்ளது. அசல் விலை மிக அதிகம், நாட்டைவிட்டு எடுத்துப்போக உரிய ஆவணமும் வேண்டும்.

குளிருக்கு அவசரமாக ஒரு ஸ்வெட்டர் வேண்டுமென்றால் 60 சோலுக்கே வாங்குங்கள், அக்ரிலிக் என்று தெரிந்து வாங்கினால் அதில் தவறில்லை. பரிசாகவோ, பல வருடம் வைத்துக்கொள்ளவோ என்றால் கைநெசவுத் துணியைப் பாருங்கள். அவெனிதா எல் சோல் தெருவில் 1996இல் தொடங்கிய குஸ்கோ மரபு நெசவு மையம் இருக்கிறது. அங்கே விற்பவை சின்ச்சேரோ போன்ற மலைக் கிராமப் பெண்கள் இடுப்பில் கட்டிய தறியில் நெய்தவை, இயற்கைச் சாயம் ஏற்றியவை. நெய்தவர் பெயரும் துணியோடு சீட்டில் இருக்கும். விலை கூடுதல்தான். வாரக்கணக்கில் உட்கார்ந்து நெய்த துணிக்குப் பேரம் பேசுவதை நான் விரும்பவில்லை. பேரத்தைச் சந்தைத் தொப்பிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: விடுதியிலோ கடையிலோ ஏமாற்றப்பட்டால் வெளிநாட்டவர் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையவே செய்யலாம். பெருவின் 2010 நுகர்வோர் சட்டப்படி, பொதுமக்கள் வந்துபோகும் ஒவ்வொரு வணிக நிறுவனமும் ‘லிப்ரோ தே ரெக்லமாசியோனெஸ்’ என்ற புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், அது இருப்பதாக அறிவிப்புப் பலகையும் மாட்ட வேண்டும். கேட்டால் மறுக்கக் கூடாது. எழுதி, நகலை வாங்கிக்கொள்ளுங்கள். 15 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு. திருப்தி இல்லையென்றால் இன்தெகோபி என்ற அரசு அமைப்பிடம் போகலாம். பல நேரம் புத்தகத்தைக் கேட்டதுமே பேச்சு மாறிவிடும்.

விடுதி ரசீதையும் கவனியுங்கள். பெருவில் வசிக்காத வெளிநாட்டுப் பயணிகளின் தங்கும் கட்டணத்துக்கு ஐஜிவி எனும் விற்பனை வரி கிடையாது. பொது விகிதம் 18 விழுக்காடு. அறை பதியும்போதே கடவுச்சீட்டையும் நாட்டுக்குள் நுழைந்த பதிவையும் காட்டி, வரியைக் கழிக்கச் சொல்லுங்கள். அட்டையில் பணம் கட்டும்போது இயந்திரம் ‘சோலா, டாலரா’ என்று கேட்டால் சோலையே தேர்ந்தெடுங்கள், டாலரைத் தொட்டால் மாற்று விகிதத்தில் உங்களுக்குத்தான் இழப்பு.